மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு: 30 பேருக்கு வீட்டிலேயே சமைக்க முழு வழிகாட்டி

திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துப் பெண் வீட்டில் போடுகிற சாப்பாடு என்றால் அது சொதிதான், தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற வெள்ளைக் குழம்பு. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். இப்போது அது மறுவீட்டோடு நிற்பதில்லை. பால்காய்ப்பு, வளைகாப்பு, ஆனித் தேரோட்டத்துக்கு வந்து இறங்குகிற சொந்தக்காரக் கூட்டம், லீவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பேரன் பேத்திகள் என்று யார் வந்தாலும் "சொதி வைங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் ஆள் 10 பேரைத் தாண்டினால் வீட்டில் ஒரு பயம் வந்துவிடுகிறது. உடனே வெளியே ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.

மற்ற சாப்பாட்டை வெளியே சொல்லலாம், தப்பே இல்லை. சொதியை மட்டும் சொல்லாதீர்கள். வெளியில் செய்து வருவது காலை 10 மணிக்கே இறக்கி, மூடி, வண்டியில் குலுங்கி, 1 மணிப் பந்திக்கு வந்து சேரும்போது மேலே எண்ணெய் தனியாக மிதக்கும், அடியில் பருப்பு தனியாகக் கிடக்கும். சொதி என்பது இறக்கி ஒரு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டிய குழம்பு. அதனால்தான் அது வீட்டுச் சாப்பாடு. நான்கு பேர் கைகொடுத்தால், முறையாகத் திட்டம் போட்டால், 30 பேருக்கு வீட்டிலேயே நிம்மதியாகச் செய்யலாம். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னென்ன செய்யலாம், எதை விடலாம்

கூட்டச் சமையலில் பாதிச் சிக்கல் பதார்த்தத்தின் எண்ணிக்கையில்தான் வருகிறது. சொதி என்று முடிவு செய்துவிட்டால் இலையில் அதுதான் ராஜா, மற்றதெல்லாம் அதற்குத் துணை. என் கணக்கு இது: சாதம், சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி, சீனியவரைக்காய்த் துவட்டல் (கொத்தவரங்காய்ப் பொரியல்), அப்பளம், ரசம், மோர், சேமியாப் பாயசம். இனிப்புக்கு ஆளுக்கு 50 கிராம் என்று ஒன்றரைக் கிலோ அல்வாவை டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள். கோதுமைப் பால் எடுத்துக் கிண்டி, அதையும் வீட்டில் செய்கிறேன் என்று அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

அவியல் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். நம்மூர் அவியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சொதியில் ஏற்கெனவே 10 தேங்காய் இருக்கிறது, அதன் பக்கத்தில் இன்னொரு தேங்காய்க்கறி வந்தால் இரண்டாவது முறை சொதி கேட்க வேண்டியவர் பாதியிலேயே கையை எடுத்துவிடுவார். அதே காரணத்துக்குத்தான் தேங்காய்ப்பால் ஊற்றுகிற சிறுபருப்புப் பாயசத்தையும் விட்டுவிட்டுப் பசும்பாலில் சேமியாப் பாயசம் சொல்கிறேன். சாம்பாரும் வேண்டாம். "சொதி பிடிக்காத ஆள் வந்தால்?" என்றால், அவருக்கு ரசமும் காரக்கறியும் போதும்.

இஞ்சிப் பச்சடியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. தேங்காய்ப்பால் திகட்டும், வயிற்றில் கனமாக உட்காரும். புளிப்பும் இனிப்பும் உறைப்புமாக இஞ்சி நாக்கில் பட்டால்தான் அடுத்த கவளம் சொதி இறங்கும். சொதியும் இஞ்சியும் சேர்ந்துதான் ஒரு சாப்பாடு, தனித்தனி இல்லை.

எவ்வளவு வாங்க வேண்டும்

முதலில் தலையை எண்ணுங்கள். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கு வையுங்கள். சமைக்கிறவர்களையும் பரிமாறுகிறவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பல வீடுகளில் கடைசிப் பந்தியில் வீட்டுப் பெண்களுக்குச் சொதி இருக்காது, வெறும் ரசம்தான் இருக்கும், அது கூடவே கூடாது. கீழே சொல்கிற அளவெல்லாம் முழு 30 ஆளுக்கு.

சொதிக்கு: நல்ல பெரிய முற்றின தேங்காய் 10 (கெட்டது வந்தால் மாற்ற இரண்டு கூடுதலாக), பாசிப்பருப்பு 400 கிராம், கேரட் 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, பீன்ஸ் முக்கால் கிலோ, உரித்த பச்சைப் பட்டாணி அரைக் கிலோ, முருங்கைக்காய் 8, சின்ன வெங்காயம் முக்கால் கிலோ, வெள்ளைப்பூண்டு கால் கிலோ, பச்சை மிளகாய் 35, இஞ்சி 75 கிராம், எலுமிச்சை 8 முதல் 10. தாளிக்கத் தேங்காயெண்ணெய் 100 மில்லி, நெய் கொஞ்சம், கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை. இதில் 10 முதல் 11 லிட்டர் சொதி வரும். ஆளுக்கு 350 மில்லி என்பது முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அதிகமாகத் தெரியும். ஆனால் சொதியை யாரும் ஒரு தடவை வாங்கிவிட்டு நிறுத்துவதில்லை.

இஞ்சிப் பச்சடிக்கு இளம் இஞ்சி 300 கிராம், புளி 200 கிராம், வெல்லம் 250 கிராம், பச்சை மிளகாய் 15, நல்லெண்ணெய் 150 மில்லி. காரக்கறிக்கு உருளைக்கிழங்கு 3 கிலோ. துவட்டலுக்குச் சீனியவரை 2 கிலோ, துருவிப் போட ஒரு மூடித் தேங்காய். அரிசி 3 கிலோ, இளவட்டங்கள் அதிகம் என்றால் மூன்றரை. பாயசத்துக்குப் பால் 3 லிட்டர், சேமியா 300 கிராம், ஜவ்வரிசி 100 கிராம், சீனி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, முந்திரி, கிஸ்மிஸ், ஏலக்காய். ரசத்துக்குத் தக்காளி அரைக் கிலோ. மோருக்குத் தயிர் 2 லிட்டர். அப்பளம் 60, அதுவும் கல்லிடைக்குறிச்சி அப்பளமாக இருந்தால் விசேஷம். தலைவாழை இலை 40, ஏனென்றால் நான்கைந்து கிழிந்துதான் வரும்.

காய் வாங்க நயினார்குளம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் மொத்த விலைக்குக் கிடைக்கும், கொஞ்சமாக வேண்டும் என்றால் பாளையங்கோட்டை மார்க்கெட்டோ மகாராஜநகர் உழவர் சந்தையோ போதும். எலுமிச்சை என்றால் புளியங்குடிக் காய் கேட்டு வாங்குங்கள். முருங்கைக்காயில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: விரலால் முறுக்கிப் பார்த்தால் வளைய வேண்டும், விதை புடைத்துத் தெரியக் கூடாது. முற்றின காய் சொதியில் வெந்தாலும் நார் நாராக நிற்கும், வெள்ளைக் குழம்பில் அது கண்ணுக்கும் அசிங்கமாகத் தெரியும்.

தேங்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தச் சாப்பாடும் அதன் தலையில்தான் இருக்கிறது. காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், கையில் கனக்க வேண்டும், கண் பக்கம் ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது. இளசாக இருந்தால் பால் தண்ணீராக வரும், கொப்பரைப் பதத்துக்கு முற்றிப்போயிருந்தால் எண்ணெய் நெடி அடிக்கும். வாங்கும்போதே குடுமியோடு வாங்குங்கள், உடைக்கிற அன்று குடுமியை எடுத்தால் போதும்.

பாத்திரமும் அடுப்பும்

வீட்டு இரண்டு பர்னர் அடுப்பில் 11 லிட்டர் சொதி வைக்க முடியாது என்றில்லை, ஆனால் மற்றதெல்லாம் தேங்கிவிடும். வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு ஒற்றை அடுப்பும், அடிகனமான 18 லிட்டர்ச் சருவம் ஒன்றும், சாதம் வடிக்க இரண்டு பானையும், நான்கு வாளி, கரண்டி, ஒரு நீளக் கைப்பிடிச் சட்டுவமும் சொல்லி வைத்துவிடுங்கள். அடுப்பைக் காற்றோட்டமான பின்கட்டிலோ வராந்தாவிலோ போடுங்கள், ரப்பர்க் குழாய் நடமாடுகிற இடத்தில் குறுக்கே கிடக்கக் கூடாது. சிலிண்டர் எவ்வளவு மிச்சம் என்பதை முந்தின நாளே பார்த்து, மாற்றுச் சிலிண்டர் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பித்தளைச் சருவம் இருந்தால் எடுக்கத் தோன்றும். உள்ளே ஈயம் பூசி நன்றாக இருந்தால் மட்டும் எடுங்கள். பூச்சு போன பித்தளையில் எலுமிச்சையும் புளியும் பட்டால் களிம்பு ஏறும், ருசியும் போகும், உடம்புக்கும் ஆகாது. சந்தேகம் என்றால் எவர்சில்வரே நல்லது.

முந்தின நாள்

இஞ்சிப் பச்சடியை முந்தின நாள் சாயந்திரமே முடித்துவிட வேண்டும். அது ஒரு ராத்திரி இருந்தால்தான் ருசி கூடும். இஞ்சியைத் தோல் சீவிப் பொடிப் பொடியாக நறுக்குங்கள், மிக்சியில் அரைத்தால் கடித்துச் சாப்பிடுகிற சுகம் போய்விடும். நல்லெண்ணெயைக் காய வைத்துக் கடுகு, உளுந்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கின பச்சை மிளகாயையும் இஞ்சியையும் போட்டு, இஞ்சி ஓரம் பொன்னிறமாகும் வரை நிதானமாக வதக்குங்கள். அப்புறம் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, உப்பு, மஞ்சள்தூள், துளி பெருங்காயம் போட்டுக் கொதிக்க விடுங்கள். புளியின் பச்சை வாடை போன பிறகுதான் வெல்லம். முன்னாலேயே வெல்லத்தைப் போட்டுவிட்டால் இஞ்சி வேகாமல் விறைத்து நிற்கும். எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் தயங்கி விழுகிற பதத்தில் இறக்கி, பீங்கான் சாடியில் எடுத்து வையுங்கள். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடுகிற வீடுகளும் உண்டு, நிறம் கறுக்கும், ருசி இன்னும் ஆழமாக இருக்கும்.

ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து எல்லாருமாகச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துவிடலாம். பீன்ஸ், கேரட், முருங்கைக்காய், சீனியவரை எல்லாவற்றையும் நறுக்கித் தனித்தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். சொதிக்குக் கேரட்டும் பீன்ஸும் ஓர் அங்குல நீளம், முருங்கை இரண்டு அங்குலம். பட்டாணி பச்சையாகக் கிடைக்காத மாதம் என்றால் காய்ந்த பட்டாணியை இப்போதே ஊறப் போடுங்கள். காரக்கறிக்கு உள்ள 3 கிலோ உருளைக்கிழங்கை மட்டும் ராத்திரியே, அதிகம் குழையாமல் அவித்து, தோலோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஆறின கிழங்குதான் எண்ணெயில் உடையாமல் முறுகும்.

தேங்காயை மட்டும் ராத்திரி உடைக்கவே கூடாது. நம்மூர் வெக்கையில் துருவின தேங்காய் புளிக்க ஆரம்பித்தால் மறுநாள் எவ்வளவு நல்ல காய் போட்டாலும் பயனில்லை.

அன்று காலை: தேங்காய்ப்பால்

சாப்பாடு 12.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குத் தேங்காய் உடைக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு காயையும் தனியாக உடைத்து, தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். புளித்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ அந்தக் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். தேங்காய்ப் பருப்பை முகர்ந்து பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும். ஒரே ஒரு அழுகல் மூடி உள்ளே போனால் மிச்சம் ஒன்பது காயும் வீண்.

துருவும்போது கருப்புத் தோல் வரை சுரண்டாதீர்கள். வெள்ளைப் பூ மட்டும் வந்தால் போதும், பால் பளிச்சென்று இருக்கும். ஒருவர் துருவ, ஒருவர் அரைக்க, ஒருவர் பிழிய என்று உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கை பொறுக்கிற சூடு. தேங்காயெண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் அரைத்தால் பாதிக் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். கொதிக்கிற தண்ணீரும் ஊற்றக் கூடாது, எண்ணெய் பிரிய ஆரம்பிக்கும். மிக்சி என்றால் இரண்டு மூடித் துருவலுக்கு மேல் ஒரு தடவையில் போடாதீர்கள், விட்டு விட்டுச் சுற்றுங்கள், ஜார் சூடேறினால் பாலும் எண்ணெய் வாடை அடிக்கும். ஆட்டுகிற கிரைண்டர் இருந்தால் 10 காய்க்கு அதுதான் சுகம்.

கஞ்சி போடாத, துவைத்துக் காய வைத்த வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். முதல் பாலுக்குத் தண்ணீர் குறைவாக ஊற்றி ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எடுங்கள், கையை முக்கி எடுத்தால் விரலில் வெள்ளையாக ஒட்டி நிற்க வேண்டும். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால் இரண்டரை லிட்டர். இன்னொரு தடவை மூன்றாம் பால், அதுவும் இரண்டரை லிட்டர். மூன்று பாத்திரத்தையும் கலந்துவிடாதபடி அடையாளம் வைத்து, இதில் யாரும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முதல் பாலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

சொதி கூட்டுகிறது

9.30 மணிக்குப் பாசிப்பருப்பை லேசாக, வாசம் வருகிற அளவுக்கு மட்டும் வறுத்து, மூன்று பங்கு தண்ணீரில் குக்கரில் குழைய வேக வைத்து மசித்துக்கொள்ளுங்கள். 25 பச்சை மிளகாயையும் இஞ்சியையும் நைசாக அரையுங்கள். மீதி 10 மிளகாயைக் கீறி வையுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகவே, சருவத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். பளபளப்பாக வந்தால் போதும், சிவக்கக் கூடாது. அதிலேயே கீறின மிளகாய், அப்புறம் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் போட்டு இரண்டு பிரட்டுப் பிரட்டி, மூன்றாம் பாலை ஊற்றுங்கள். உப்பு முதலில் 4 மேசைக்கரண்டி மட்டும், மீதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள்தூள் எங்கள் வீட்டில் போடுவதில்லை, சொதி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

காய் முக்கால் பதம் வெந்ததும் முருங்கைக்காயைப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் பிளந்து சதை எல்லாம் குழம்பில் கரைந்துவிடும். முருங்கை வெந்ததும் அரைத்த மிளகாய் இஞ்சி விழுது. அது ஐந்து நிமிஷம் கொதித்துப் பச்சை வாடை போகட்டும். பிறகு மசித்த பருப்பும் இரண்டாம் பாலும். தீயைப் பாதியாகக் குறைத்து, அடி பிடிக்காமல் சட்டுவத்தால் அடியோடு துழாவிக்கொண்டே ஒரு பத்து நிமிஷம்.

இங்கே நில்லுங்கள். இதுவரை செய்ததைக் காலை 11 மணிக்குள் முடித்து, அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிடலாம். இந்த நிலையில் சொதி இரண்டு மணி நேரம் வரை பொறுக்கும், திரும்பக் கொதிக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. முதல் பால் ஊற்றின பிறகு பொறுக்காது. 30 பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க இடம் இருக்கிற வீடு குறைவு, அதனால் இரண்டு பந்தி என்றால் இந்தக் கட்டத்திலேயே குழம்பை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள், முதல் பாலையும் எலுமிச்சைச் சாற்றையும் அதே போல இரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் பந்தி உட்காருவதற்குக் கால் மணி முன்னால் முதல் பாத்திரத்தை முடிக்கிறது, அவர்கள் மோருக்கு வரும்போது இரண்டாவதை முடிக்கிறது. கடைசியில் உட்காருகிறவருக்கும் மாப்பிள்ளைக்குப் போட்ட அதே சொதி கிடைக்கும். கூட்டத்துக்குச் சொதி வைக்கிறதில் இதைவிடப் பெரிய சூட்சுமம் எனக்குத் தெரியவில்லை.

முடிக்கிற விதம்: குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்து, தீயைச் சிம்மில் வைத்து, கொதி அடங்கின பிறகு முதல் பாலை நூல் போல ஊற்றிக்கொண்டே துழாவுங்கள். கண்ணை எடுக்காமல் ஓரத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பாத்திரத்தின் விளிம்போரம் சின்னச் சின்ன முத்தாக நுரை கட்டும், அந்த நுரை நடுவைப் பார்த்து மெதுவாக நகரும், ஆவியில் பச்சைத் தேங்காய் வாசம் போய் ஒரு இனிப்பு வாசம் வரும். நடுவில் ஒரு குமிழ் வருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். "ஏட்டி, கொதி வந்தா சொதி போச்சு" என்று ஆச்சி சொல்லுவாள். அது அப்படியே உண்மை. தேங்காய்ப்பாலில் கொழுப்பைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது அதில் உள்ள புரதம். சூடு 80 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புரதம் திரண்டு பிடியை விட்டுவிடும், கொழுப்பு எண்ணெயாக மேலே வந்துவிடும். திரிந்த பிறகு எதை ஊற்றினாலும் சேராது.

எலுமிச்சையும் அதே மாதிரிதான். அடுப்பிலிருந்து கீழே இறக்கி, ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, விதையில்லாமல் வடிகட்டின சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். முதலில் முக்கால்வாசிச் சாறு ஊற்றி ருசி பாருங்கள், ஏனென்றால் எலுமிச்சை எல்லாம் ஒரே புளிப்பு இல்லை. உப்பும் இப்போதுதான் கடைசியாகப் பார்க்க வேண்டும், புளிப்பு சேர்ந்த பிறகு உப்பு வேறு மாதிரித் தெரியும். தாளிப்பு மிக எளிது: தேங்காயெண்ணெயும் நெய்யும் கலந்து கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை. முந்திரி வேண்டும் என்றால் போடலாம். வற்றல் வேண்டாம், கொத்தமல்லித்தழையும் வேண்டாம்.

மற்ற வேலைகள்

சொதி 11 மணிக்கு நிற்கும்போது வீட்டு அடுப்பில் பாயசமும் ரசமும் முடிந்திருக்க வேண்டும். சேமியாவை நெய்யில் வறுத்து, ஊற வைத்த ஜவ்வரிசியைத் தனியாகத் தண்ணீரில் கண்ணாடி மாதிரி வேக வைத்து, காய்ந்து கொதிக்கிற பாலில் இரண்டையும் போட்டு, சேமியா வெந்த பிறகே சீனி. ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் அரை லிட்டர் பால் காய்ச்சித் தனியாக வைத்திருங்கள். ரசம் மிளகு தூக்கலாக, தெளிவாக இருக்கட்டும், சொதிக்கு அப்புறம் அதுதான் வயிற்றுக்கு ஆறுதல்.

காரக்கறிக்கு ராத்திரி அவித்த கிழங்கைத் தோலுரித்துச் சின்னத் துண்டாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசிமாவு பிசிறி, அகலமான சட்டியில் கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, மூன்று ஈடாகப் பிரித்து வறுத்து எடுங்கள். மொத்தமாகப் போட்டால் ஆவியில் வெந்து குழையும், முறுகாது. உறைப்பு தைரியமாகப் போடுங்கள், பக்கத்தில் இருப்பது தேங்காய்ப்பால். துவட்டலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சீனியவரையை உப்புப் போட்டு வேக வைத்து வடித்து, தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் ஆயிற்று.

சாதத்தை 11.30க்கு ஒன்றரைக் கிலோ, இரண்டாம் பந்திக்கு 12.15க்கு ஒன்றரைக் கிலோ என்று இரண்டு தடவையாக வடியுங்கள். அம்பை 16 மாதிரிக் குண்டரிசி வீட்டில் இருந்தால் அதை இட்லிக்கு வைத்துக்கொண்டு, சொதிக்குப் பொன்னி போல மெல்லிய அரிசி எடுங்கள். சாதம் குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது, சொதியை உறிஞ்சிக்கொள்ளும் பதம் வேண்டும். அப்பளம் கடைசி. பந்திக்கு இலை போடுகிற நேரத்தில்தான் எண்ணெய் காய வேண்டும்.

பரிமாறுகிறது

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம். ஓரத்தில் உப்பு, அப்புறம் இஞ்சிப் பச்சடி, காரக்கறி, துவட்டல், அல்வா, அப்பளம். சாதம் போட்டதும் சொதி வாளி தயங்காமல் பின்னாலேயே வர வேண்டும். வாளியை அடியோடு கலக்கிவிட்டுத்தான் கரண்டியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து இலைக்கு வெறும் பாலும் கடைசி இலைக்கு வெறும் பருப்பும் போகும். காய் எல்லா இலைக்கும் விழுகிறதா என்று ஒருவர் கவனிக்கட்டும், முக்கியமாக முருங்கைக்காய்.

15 பேர் பந்திக்கு மூன்று பேர் பரிமாறினால் தாராளம். ஒருவர் சாதம், ஒருவர் சொதி, ஒருவர் தொடுகறிகளோடு சுற்றி வரலாம். சொதியைப் போடுகிறவர் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. "அத்தான், இன்னும் ரெண்டு கரண்டி விடட்டா?" என்று கேட்டால்தான் மாப்பிள்ளை வாயைத் திறப்பார், கேட்காவிட்டால் கூச்சத்தில் ரசத்துக்குப் போய்விடுவார். இரண்டாவது சொதிக்குச் சாதம் கேட்கும்போதே இஞ்சிப் பச்சடியும் மறுபடி வர வேண்டும். அப்புறம் ரசம், பாயசம், கடைசியில் மோர். பாயசத்தைத் தொன்னையிலோ கிண்ணத்திலோ கொடுத்தால் பிள்ளைகளுக்கு வசதி.

சொதி ஆறிவிட்டால் நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள். அகலமான ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சொதிப் பாத்திரத்தை அதற்குள் இறக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால் திரியாமல் சூடேறும்.

மிச்சம் வந்தால்

முதல் பால் சேர்த்த சொதியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மிஞ்சினதை உடனே சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ராத்திரி ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ அதைவிட நல்ல துணை கிடையாது. ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்குச் சொதியைத் தூக்குவாளியில் கட்டிக் கொடுக்காதீர்கள், வழியிலேயே கெட்டுவிடும். இஞ்சிப் பச்சடியைக் கொடுங்கள். ஈரக் கரண்டி படாமல் வைத்தால் அது ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். பிழிந்த தேங்காய்ச் சக்கையில் கொஞ்சத்தை எடுத்து வாணலியில் வறட்டி, வற்றல் மிளகாய், உளுந்தம்பருப்பு, பூண்டு, புளி சேர்த்துப் பொடித்தால் மறுநாள் காலை இட்லிக்குப் பொடி ஆயிற்று.